காது வில்லையும் கணக்கு நோட்டும்

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் பேச்சு)



"மாட்டுக் காதிலே மஞ்சள் வில்லை ஒண்ணை அடிச்சுட்டுப் போறாங்க. பன்னிரண்டு எண் அதிலே இருக்கு. எந்தத் தேதியிலே ஊசி போட்டது, எத்தனை லிட்டர் கறக்குதுன்னு கேட்டு எழுதிக்கிறாங்க. நம்ம மாட்டுக் கணக்கு அவங்களுக்கு எதுக்குங்க?" நெரவி, விழிதியூர், ஊழியப்பத்து என்று நம் கொம்யூனில் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. நியாயமான கேள்விதான். பதில் தெரியாமல் எந்த விவரத்தையும் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே இன்றைக்கு இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விளக்கமாகப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர் அல்ல, வேளாண் விரிவாக்க அலுவலர். நோய்க்கு வைத்தியம் கேட்க வேண்டுமானால் உங்கள் கால்நடை மருந்தகத்துக்குத்தான் போகவேண்டும். ஆனால் விதை நெல்லைப் பற்றி உங்களோடு இத்தனை நாள் பேசியிருக்கிறேன் அல்லவா? மாட்டுக்கும் விதை உண்டு. இன்றைய பேச்சு அந்த விதையைப் பற்றியது.

தாயைப் பார்க்கலாம், காளையை எப்படிப் பார்ப்பது?

"தாயைத் தண்ணித் துறையிலே பார்த்தா, மகளை வீட்டிலே போய்ப் பார்க்க வேண்டாம்" என்பார்கள். மாடு வாங்கும்போதும் நாம் அதைத்தான் செய்கிறோம். மடியைப் பார்க்கிறோம், காம்பைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்று கேட்கிறோம். சரிதான். ஆனால் கன்றுக்குப் பாதிக் குணம் தாய் வழி, மறுபாதிக் குணம் காளை வழி. காளை பால் கறக்குமா? கறக்காது. அப்படியானால் அந்தக் காளையின் பால் குணத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

அதன் மகள்களிடம் பார்க்கவேண்டும். ஒரு காளைக்குப் பல ஊர்களில், பல வீடுகளில் பிறந்த கிடேரிகள் வளர்ந்து, ஈன்று, கறவைக்கு வந்தபிறகு அத்தனை பேருடைய பாலையும் அளந்து சேர்த்துப் பார்த்தால் காளையின் தரம் தெரிந்துவிடும். ஒரே ஒரு மகளை வைத்து முடிவு சொல்ல முடியாது. அந்த மகளுக்கு நல்ல தீவனம் கிடைத்திருக்கலாம், அல்லது நோய் வந்திருக்கலாம். நூறு மகள்களை வைத்துப் பார்க்கும்போது தீவனத்தின் வேலை எது, பிறவிக் குணம் எது என்பது பிரிந்து தெரியும்.

இந்த யோசனை புதிதல்ல. 1895-ஆம் ஆண்டிலேயே டென்மார்க் நாட்டில் வேயன் என்ற ஊர் விவசாயிகள் கூடி ஒரு பால் கணக்குச் சங்கம் அமைத்தார்கள். ஒரு ஆளை நியமித்து, மாடு மாடாகப் பாலை அளந்து, கொழுப்பைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் எழுதினார்கள். தன் மாட்டின் குறை அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரிந்துவிடுமே என்று அவர்கள் கூச்சப்படவில்லை. எல்லா மாட்டுக் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் தன் மாட்டின் தரமே தனக்குத் தெரியும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. காளைக் கன்று வளர்ந்து விந்து எடுக்கும் பருவம் வர ஏறக்குறைய இரண்டு வருஷம். சினைக்காலம் ஒன்பது மாதம். பிறந்த கிடேரி வளர்ந்து தலையீத்து ஈன இன்னும் இரண்டரை, மூன்று வருஷம். அது ஒரு ஈத்து கறந்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஆக, காளை நல்லதா கெட்டதா என்று தெரிவதற்குள் அதற்கு ஆறேழு வயதாகிவிடும். அதுவரை அதைத் தீனி போட்டு வளர்க்கவேண்டும். கடைசியில் "இது வேண்டாம்" என்று தள்ளினாலும் தள்ளவேண்டியதுதான்.

ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு பரம்பரை

இந்த இடத்தில்தான் மரபணு விஞ்ஞானம் கைகொடுக்கிறது. உயிருள்ள ஒவ்வொன்றின் உடம்பிலும் தாய் தகப்பனிடமிருந்து வந்த குணங்கள் மரபணுக்களாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கன்றின் ரத்தத்தையோ, மயிர்க்காலையோ எடுத்து, மரபணுச் சில்லு என்ற சிறிய தகட்டில் வைத்தால், அந்த எழுத்தில் ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே சமயத்தில் படித்துவிடலாம். அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டு முதல் பால் காளைகளை இப்படி மதிப்பிட்டு வருகிறார்கள்.

நம் நாட்டு மாடுகளுக்கென்றே சில்லுகள் வந்துவிட்டன. ஐதராபாத்திலுள்ள தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் தயாரித்த 'இண்டிகௌ' சில்லு 2021 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. 11,496 மரபுக் குறிகளை அது படிக்கும். அதன்பின் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி, பசுக்களுக்கு 'கௌ சிப்', எருமைகளுக்கு 'மகிஷ் சிப்' என்று நாடு முழுவதுக்கும் பொதுவான இரண்டு சில்லுகளை மத்திய அரசு வெளியிட்டது.

"அப்படியானால் சில்லே எல்லாவற்றையும் சொல்லிவிடுமே, எங்க கணக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. சில்லுக்கு எழுத்தை வாசிக்கத் தெரியும், பொருள் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை அர்த்தம் புரியாமல் பாடத்தை ஒப்பிப்பது மாதிரி. இன்ன குறி உள்ள மாடு அதிகம் கறக்கிறது, இன்ன குறி உள்ள மாடு காலத்தில் சினை பிடிக்கிறது, இன்ன குறி உள்ள மாடு புழுக்கத்தைத் தாங்குகிறது என்று பொருள் சொல்லவேண்டுமானால், ரத்தமும் எடுத்து, பாலும் அளந்து, சினைக் கணக்கும் எழுதிய ஆயிரக்கணக்கான மாடுகளின் விவரம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அந்தப் பொது ஏடுதான் அகராதி. அகராதி இல்லாமல் சில்லு வெறும் தகடு.

நெரவிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஓ.என்.ஜி.சி. நிறுவனம் எண்ணெய் தேடுவது உங்களுக்குப் பழக்கமான சங்கதி. பூமியில் அதிர்வை உண்டாக்கி, ஒரே ஒரு இடத்தில் கருவியை வைத்துக் கேட்டால் உள்ளே இருப்பது தெரியாது. பல இடங்களில் கருவிகளை வைத்து, அத்தனை பதிவுகளையும் ஒன்று சேர்க்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள் படமாக வருகின்றன. மாட்டுக் கணக்கும் அப்படித்தான். உங்கள் கொட்டகை அதில் ஒரு கருவி.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேறு தேசத்து மாடுகளின் கணக்கை வைத்து எழுதிய அகராதி நம் மாட்டுக்குச் சரியாகப் பொருந்தாது. குஜராத்திலும் பஞ்சாபிலும் உள்ள சீதோஷ்ணம் வேறு. நமக்குக் கடற்காற்று, சித்திரை வைகாசிப் புழுக்கம், ஐப்பசி கார்த்திகையில் கொட்டகை முழுக்க ஈரம், சில இடங்களில் உப்புத் தண்ணீர், தீனியில் பாதிக்கு மேல் வைக்கோல். இந்த நிலைமையில் நின்று கறக்கிற மாடு எது என்று சொல்ல நம் மாடுகளின் கணக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நம் மாடுகள் ஏட்டில் இல்லையென்றால், காளையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் மற்ற ஊர்களுக்கு ஏற்றதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் காளையின் ஊசிதான் நம் ஊருக்கும் வரும். கணக்குக் கொடுப்பதால் நமக்கு என்ன லாபம் என்று கேட்கிற அளவுக்கு, கொடுக்காவிட்டால் நமக்கு என்ன நஷ்டம் என்றும் கேட்கவேண்டும்.

சீஃப் என்ற காளையின் கதை

மாட்டுக் கணக்கை ஒன்று சேர்த்தால் என்னவெல்லாம் தெரியவரும் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். அமெரிக்காவில் 1962-ல் ஒரு ஹோல்ஸ்டீன் காளை பிறந்தது. 'சீஃப்' என்று அதற்குப் பெயர். அதன் மகள்கள் அருமையாகக் கறந்தன. ஆகவே அதன் விந்து எங்கும் பரவியது. மகள்கள் மட்டும் 16,000. பேத்திகள் ஏறக்குறைய 5 லட்சம். அந்த இனத்தில் அதன் ரத்தம் கலக்காத மந்தையைக் காண்பதே அரிதாயிற்று.

ஆனால் சீஃபின் மரபணுவில் ஒரு குறை ஒளிந்திருந்தது. ஒரு வழியில் மட்டும் வந்தால் அந்தக் குறை ஒன்றும் செய்யாது. அப்பன் வழி, ஆத்தா வழி இரண்டிலும் சேர்ந்து வந்துவிட்டால் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். சீஃபின் பேரனை சீஃபின் பேத்தியோடு சேர்க்கச் சேர்க்க இது ஆங்காங்கே நடந்தது. ஒவ்வொரு விவசாயியும் என்ன நினைத்தார்? "இந்தத் தடவை ஊசி நிக்கலை" என்று நினைத்து மறுபடி ஊசி போட்டார். ஒரு கொட்டகையில் ஒன்று, இன்னொரு கொட்டகையில் ஒன்று. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் இப்படியே போயிற்று.

2011-ஆம் ஆண்டு, பல்லாயிரம் மாடுகளின் மரபணுப் பதிவை ஒன்றாக வைத்துப் பார்த்த விஞ்ஞானிகளுக்கு ஒரு விசித்திரம் தென்பட்டது. குறிப்பிட்ட ஒரு மரபுக் குறி இரட்டையாக உள்ள மாடு ஒன்றுகூட உயிரோடு இல்லை. கணக்குப்படி இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை. எங்கே போயின? பிறக்கவே இல்லை! பின்னால் அந்தக் குறை எந்த மரபணுவில் என்று கண்டுபிடித்தார்கள். இதனால் உலகம் முழுவதும் சுமார் 5 லட்சம் கருக்கள் அழிந்திருக்கும், நஷ்டம் சுமார் 42 கோடி டாலர் இருக்கும் என்று 2016-ல் மதிப்பிட்டார்கள். இப்போது குறை உள்ள காளை எது என்று சோதித்து அறிந்து, குறை உள்ள பசுவோடு சேர்க்காமல் தவிர்க்கிறார்கள்.

எந்த ஒரு விவசாயியும் தன் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எல்லோருடைய கணக்கும் சேர்ந்துதான் கண்டுபிடித்தது. நம் நாட்டிலும் உறைவிந்து நிலையத்தில் சேர்க்கிற காளைகளுக்குப் பிறவிக் குறைகள் இருக்கின்றனவா என்று சோதிக்கவேண்டும் என மத்திய அரசின் தரவிதிகள் சொல்கின்றன.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் ஊசி நிற்காமல் போவதற்கெல்லாம் மரபணுதான் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் பருவம் தவறி ஊசி போடுவது, தாது உப்புக் குறைவு, பசுந்தீவனக் குறைவு, கருப்பைக் கோளாறு இவைதான் காரணம். அதற்கு மருத்துவரைத்தான் பார்க்கவேண்டும்.

பங்காளிக்குள் சம்பந்தம் வேண்டாம்

சீஃப் கதையில் நமக்கு நேரடியான பாடம் ஒன்று உண்டு. நாம் பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. ஆனால் மாட்டுக்கு அதைப் பார்க்கிறோமா? ஒரு காளையின் ஊசியில் பிறந்த கிடேரி வளர்ந்து, மூன்று வருஷம் கழித்து அதே காளையின் ஊசியையே அதற்குப் போட்டால், அப்பனுக்கும் மகளுக்கும் சம்பந்தம் செய்த மாதிரி. பிறக்கும் கன்றின் மரபணுக்களில் கால் பங்கு வரை ஒரே மூலத்திலிருந்து இரட்டிப்பாக வந்துவிடும். கன்று சவலையாகும், பால் குறையும், சினை பிடிப்பதும் தாமதமாகும். கோயில் காளையோ ஊர்க் காளையோ ஒன்றே பல வருஷம் சுற்றி வரும் ஊரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கிடேரியின் தகப்பன் யார் என்று எழுதி வைத்திருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் இதைத் தவிர்க்கலாம்.

நம் மாடு, பிறர் கணக்கு

குஜராத்தின் கத்தியவார் பகுதியில் பிறந்தது கிர் மாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1960-களின் தொடக்கம் வரை பிரேசில் நாட்டார் நம் நாட்டு மாடுகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். கிர் மாடும் அப்படிப் போனதுதான். 1985-ல் அவர்களுடைய அரசு ஆராய்ச்சி நிறுவனமும் கிர் வளர்ப்போர் சங்கமும் சேர்ந்து, மகள்களின் பாலை அளந்து காளையைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்தைத் தொடங்கின. பிற்காலத்தில் மரபணுச் சோதனையையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு பிரேசிலின் கிர் பால் மாடு உலகப் பெயர் பெற்றது. ரத்தம் நம்முடையது. கணக்கு அவர்களுடையது. வித்தியாசம் அவ்வளவுதான்.

"அதெல்லாம் நூறு மாடு வைத்திருக்கிற பண்ணையாருக்கு. ஒண்ணு ரெண்டு மாடு வச்சிருக்கிற எங்களுக்கு எப்படிங்க?" என்று கேட்கலாம். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1963-ல் மூணாறுக்கு அருகே மாட்டுப்பெட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. சுவிஸ் நாட்டுக் காளைகளை உள்ளூர்ப் பசுக்களோடு கலந்து 'சுனந்தினி' என்ற மாட்டை உண்டாக்கினார்கள். காளைகளைச் சோதிக்க அவர்கள் பெரிய பண்ணைகளைத் தேடிப் போகவில்லை. ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கே போய், கொட்டகை வாசலில் பாலை அளந்தார்கள். சிறு விவசாயிகளின் கணக்கே சேர்ந்து பெரிய பண்ணையின் கணக்கானது.

தீவனக் கணக்கு

இனி வரும் காலத்தில் பால் தொழில் நிலைத்து நிற்குமா என்பது தீவனத்தைப் பொறுத்தது. மேய்ச்சல் தரை சுருங்கிவிட்டது. அறுவடை எந்திரம் வந்தபிறகு வைக்கோல் கட்டுக்கும் காசு கொடுக்கவேண்டியிருக்கிறது. பிண்ணாக்கு, தவிடு விலை உங்களுக்கே தெரியும்.

ஒரு கலப்பினப் பசுவுக்கு உடம்பைக் காப்பாற்றவே தினம் சுமார் 1½ கிலோ அடர்தீவனம் வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு 2½ லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 5 லிட்டர் கறக்கும் இரண்டு மாடு வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 3½ கிலோ, ஆக 7 கிலோ. 10 லிட்டர் கறக்கும் ஒரே மாடானால் 5½ கிலோ. அதே 10 லிட்டர் பாலுக்கு தினம் 1½ கிலோ மிச்சம். ஒரு மாட்டின் வைக்கோல், பசும்புல், தண்ணீர், சாணி அள்ளும் வேலை எல்லாம் இதற்குமேல் மிச்சம்.

மாடு அசைபோடும்போது ஏப்பத்தில் மீத்தேன் என்ற வாயு வெளியேறி, பூமி சூடாவதற்கு ஒரு காரணமாகிறது. இரண்டு மாட்டுக்குப் பதில் ஒரு மாடு என்றால் ஒரு லிட்டர் பாலுக்கு வெளியேறும் அந்த வாயுவும் குறைகிறது. கடலோரத்தில் குடியிருக்கும் நமக்குப் புயலும் கடல்மட்டமும் வெறும் பத்திரிகைச் செய்தி அல்ல. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலை டெல்டாவில் யார் மறப்பார்கள்?

ஆனால் பால் அளவை மட்டும் பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. மேல்நாடுகளில் பல ஆண்டு அப்படிச் செய்து, மாடுகள் சினை பிடிப்பது குறைந்துபோய், பிறகு திருத்திக்கொண்டார்கள். அயல் ரத்தம் ஏற ஏறப் பால் கூடலாம், வெப்பம் தாங்கும் சக்தி குறையும். உங்கள் கலப்பினப் பசுவில் அயல் ரத்தம் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். சில்லு சொல்லிவிடும். அதனால்தான் பால் கணக்கோடு சினைக் கணக்கும் நோய்க் கணக்கும் எழுதவேண்டும் என்கிறோம்.

உம்பளச்சேரியை மறக்கவேண்டாம்

நம் டெல்டாவுக்கென்று ஒரு இனம் உண்டு. உம்பளச்சேரி. மொட்டை மாடு, தெற்கத்தி மாடு என்றும் சொல்வார்கள். பிறக்கும்போது கன்று சிவப்பாக இருக்கும், மாதங்கள் செல்லச் செல்ல சாம்பல் நிறமாகும். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளை. குட்டையான கால்களோடு சேற்று வயலில் இதைப்போல் உழைக்க வேறு மாடு கிடையாது. பால் மட்டும் நாளைக்கு இரண்டு லிட்டர் அளவுதான். டிராக்டர் வந்தபிறகு ஏர் மாட்டுக்கு வேலை இல்லை, கூடவே இந்த இனமும் குறைந்துகொண்டு வருகிறது.

இரண்டு லிட்டர் மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது. எல்லோரும் வளருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மண்ணின் ஈரத்தையும் புழுக்கத்தையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்த ரத்தம் அது. அந்தச் சக்தி எந்த மரபணுவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் நாள் வரும்போது மாடும் இருக்கவேண்டும், அதன் கணக்கும் இருக்கவேண்டும். உங்கள் வீட்டில் சுத்தமான உம்பளச்சேரி இருந்தால் அதற்கு அந்த இனத்து ஊசியையே கேட்டுப் போடுங்கள். அதையும் ஏட்டில் பதிய வையுங்கள்.

சில சந்தேகங்கள்

"காதிலே எண் போட்டா மாட்டுக்கு வரி போடுவாங்களாமே?" இல்லை. வரி வாங்குவதற்காக இந்த எண் ஏற்படவில்லை. கோமாரித் தடுப்பூசி போட்டாயிற்றா, எந்தத் தேதியில் சினை ஊசி போட்டது, காப்பீடு செய்த மாடு இதுதானா என்பதை அறிய அடையாளம் வேண்டும். அதற்குத்தான் வில்லை. விவரங்கள் 'பாரத் பசுதன்' என்ற பொது ஏட்டில் ஏறுகின்றன.

"வில்லை அடிச்சா பால் குறையுமா?" குத்திய இடத்தில் ஒன்றிரண்டு நாள் வலி இருக்கலாம். ஈ மொய்த்துப் புண்ணாகாமல் மருந்து தடவுங்கள். மற்றபடி பால் குறையக் காரணமில்லை.

"நம்ம மாட்டு ரத்தத்தை வெளிநாட்டுக்காரன் கொண்டு போயிடுவானோ?" பிரேசில் கதையைக் கேட்டபின் இந்தப் பயம் வருவது இயல்புதான். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி, நம் நாட்டு உயிரின வளத்தை அயல்நாட்டார் எடுக்கவேண்டுமானால் சென்னையில் தலைமையகம் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி பெறவேண்டும்.

என் மனதில் பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கணக்கைப் பகிர்வது என்றால் ஒருவழிப் பாதை அல்ல. நம் கொட்டகையிலிருந்து விவரம் மேலே போனால், மேலிருந்து பலன் கீழே வரவேண்டும். "எங்க மாட்டுப் பதிவைக் காட்டுங்க, இந்தக் காளையோட மகள்கள் எவ்வளவு கறக்குதுன்னு சொல்லுங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தனித்தனியாகக் கேட்டால் பதில் வரத் தாமதமாகலாம். பால் சங்கத்தில், கிராமக் கூட்டத்தில் சேர்ந்து கேளுங்கள். கேட்கிறவர் இருந்தால்தான் சொல்கிறவரும் ஒழுங்காக எழுதுவார்.

நீங்கள் செய்யவேண்டியது

முதலாவதாக, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மாட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். மேலே வில்லை எண்ணை எழுதுங்கள். வில்லை விழுந்துவிட்டால் உடனே மருந்தகத்தில் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, பருவத்துக்கு வந்த நாளை எழுதுங்கள். காலையில் பருவம் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி போடுவது வழக்கம். 21 நாள் கழித்து மறுபடி பருவம் வருகிறதா என்று கவனியுங்கள். வராவிட்டாலும் இரண்டு, மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக, இதுதான் முக்கியம். ஊசி போட வருகிறவரிடம் காளை எண்ணைக் கேளுங்கள். உறைவிந்துக் குச்சியின் மேலேயே அது அச்சாகியிருக்கும். காரைக்காலை ஒரு காலத்தில் ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில் உருவான குச்சி அது. கால் மில்லி விந்துதான் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் காலிக் குச்சியைத் தூக்கி எறிய விடாதீர்கள். வாங்கித் துடைத்து, நோட்டில் ஒட்டி வையுங்கள். அதுதான் பிறக்கப்போகும் கன்றின் ஜாதகம். மறுமுறை ஊசி போடும்போது அதே எண் வந்தால், அந்தக் கன்று கிடேரியாக வளர்ந்து நிற்கிறது என்றால், வேறு காளை கேளுங்கள்.

நான்காவதாக, மாதத்தில் ஒரு நாள், காலையும் மாலையும் பாலை அளந்து எழுதுங்கள். ஒரு ஈத்துக்குப் பத்துத் தடவை அளந்தால் போதும். சராசரி 7 லிட்டர் என்று வந்தால், 305 நாள் கறவைக்கு 2,135 லிட்டர். இப்படி எல்லா மாட்டுக்கும் போட்டுப் பார்த்தால் எந்த மாட்டின் கன்றை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று உங்களுக்கே விளங்கும்.

ஐந்தாவதாக, கணக்கெடுப்பவர் வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விற்கிற உத்தேசத்தில் கூட்டிச் சொல்லவேண்டாம், கண்ணேறு படும் என்று குறைத்தும் சொல்லவேண்டாம். விதை நெல்லில் ஒரு படி பதர் கலந்தால் வயல் முழுக்கத் தெரியும். ஏட்டில் பொய் கலந்தால் அதன் விளைவு ஊர்க் கன்றுகளில் தெரியும்.

இதன் பலன் நாளைக்கே கிடைக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று போடும் ஊசியின் மகள் உங்கள் வாசலில் கறவைக்கு வர மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். தென்னம்பிள்ளை வைக்கிற மாதிரி. வைக்கும்போது யாரும் இளநீர் கேட்பதில்லை. ஆனாலும் வைக்கிறோம் அல்லவா?

நெரவியின் புழுக்கத்திலும் ஈரத்திலும் குறைந்த தீனியில் நின்று கறக்கும் மாடு எது என்பது ஐதராபாத்திலோ குஜராத்திலோ இருக்கிறவர்களுக்குத் தெரியாது. தினம் இருவேளை கறக்கிற உங்களுக்குத்தான் தெரியும். தெரிந்ததை எழுதுங்கள், எழுதியதைக் கொடுங்கள், கொடுத்ததற்குப் பலன் கேளுங்கள்.